பிற்பாட்டுக்காரருக்கும் ஒரு விருது வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மேடை நாடகத்துக்குக் கொடுக்கிற டோனி, தொலைக்காட்சிக்குக் கொடுக்கிற எமி ஆகிய விருதுகளின் 2025ஆம் ஆண்டு முடிவுகள் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை தனியாட்களின் பெயர்கள்தான். முப்பது வருடமாக ‘நாடகமும் அரங்கியலும்’ படிப்பித்தவள் நான். அதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

எமி வாங்கிய ‘அடோலசென்ஸ்’ என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரையே எடுப்போம். நான்கு பகுதிகள். ஒவ்வொன்றும் இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்கப்பட்டது. ஐம்பதாவது நிமிடத்தில் ஒருவர் பிழைவிட்டாலும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். மேடையில் நிற்கிற பயம் அதில் நடித்த எல்லோருக்கும் இருந்திருக்கும். ஓவன் கூப்பர் 15 வயதில் துணை நடிகருக்கான எமியை வாங்கினான். நடிப்புக்காக எமி பெற்ற ஆண்களில் அவன்தான் மிக இளையவன். அந்தப் பிள்ளைக்கு அது முழுக்கத் தகும். ஆனால் மூன்றாம் பகுதியைத் திரும்பப் பாருங்கள். ஓர் அறை, ஒரு மேசை, பையனுக்கு எதிரே உளவியலாளராக எரின் டோஹர்ட்டி. அவன் சிரிக்கிறான், சீறுகிறான், கெஞ்சுகிறான். அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு இருக்கிறார். என் மாணவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினால் அவருடைய முகத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். அவர் அப்படிக் கேட்டிராவிட்டால் அவன் அப்படி ஆடியிருக்க முடியாது. அவருக்கும் விருது கிடைத்தது எனக்குப் பெரிய நிறைவு. கமராவைக் கைமாற்றிக் கைமாற்றி ஓடியவர்களின் உழைப்புக்கு ஒளிப்பதிவு விருதும் கிடைத்தது. தங்கள் கட்டுரையில் இந்த இரண்டும் இல்லை.

டோனியில் சாரா ஸ்னூக் வாங்கிய சிறந்த நடிகை விருதிலும் எனக்கு மறுப்பில்லை. ஒஸ்கார் வைல்டின் டோரியன் கிரே கதையில் 26 பாத்திரங்களை ஒருவராகவே நடித்தார். அதைத் தனிநடிப்பு என்கிறோம். ஆனால் மேடையிலேயே கமராவோடு அவரைச் சுற்றிச் சுழன்ற ஒரு கூட்டம் இருந்ததே! அவர்கள் ஒரு அடி தப்ப வைத்தாலும் அந்த 26 பேரும் குலைந்துபோவார்கள்.

இந்த விஷயத்தில் என் மனதுக்குப் பிடித்த தீர்ப்பு 2022இல் லண்டனில் வந்தது. நடுக்கடலில் ஒரு புலியோடு ஒரே படகில் தவிக்கும் பையனின் கதை ‘லைஃப் ஒஃப் பை’. அந்த நாடகத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஒலிவியர் விருதை, அதாவது பிரித்தானியாவின் பெரிய நாடக விருதை, பெற்றவர் ஹிரான் அபேசேகர, இலங்கையில் பிறந்தவர். அதே இரவில் சிறந்த துணை நடிகர் விருது அந்த நாடகத்தின் புலிக்குப் போனது. புலி என்றால் பொம்மைப் புலி. தலை, நெஞ்சு, பின்னங்கால் என்று அந்தப் புலியாக நடித்த ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே விருது. ஒரு உயிரை ஏழு பேர் சேர்ந்து உண்டாக்கினார்கள் என்று நடுவர்கள் கண்டுகொண்டார்கள். அடுத்த ஆண்டு நாடகம் நியூயோர்க்கின் பிரோட்வே அரங்குகளுக்குப் போனபோது அரங்க அமைப்பு, ஒளி, ஒலி மூன்றுக்கும் டோனி கிடைத்தது. புலிக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் 2025இல் கியூப இசைக் கலைஞர்களைப் பற்றிய ‘புவேனா விஸ்டா சோஷல் கிளப்’ இசை நாடகத்தில் மேடையிலிருந்தே வாசித்த இசைக்குழுவுக்கு டோனி ஒரு சிறப்பு விருதைக் கொடுத்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு ஐயாவின் நினைவுதான் வந்தது.

நான் பாசையூர்க்காரி. என் ஐயா தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவர். கூத்து என்றால் பிற்பாட்டுக்காரர். தென்மோடி என்கிற எங்கள் வகைக் கூத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அரசன் ஒரு அடியைப் பாடிவிட்டு ஆடத் தொடங்குவான். அந்த அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடினால்தான் அவனுக்கு மூச்சு வரும். சுருதி இறங்கினால் தூக்கிவிடுவதும் அவர்கள்தான், வரி மறந்தவனுக்கு வரியை எடுத்துக் கொடுப்பதும் அவர்கள்தான். இரவு முழுக்க ஐயா, கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாருக்குப் பக்கத்தில் நின்றபடி பாடுவார். விடியப்புறம் குரல் அடைத்து வீட்டுக்கு வந்து, அம்மா கொடுக்கிற மல்லித்தண்ணியைக் குடித்துவிட்டுச் சைகையில்தான் எங்களோடு பேசுவார். கூத்து நோட்டீஸ் ஒன்றிலும் அவருடைய பெயரை நான் கண்டதில்லை. ‘மற்றும் பிற்பாட்டுக்காரர்’ என்று கடைசியில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

கூத்தில் இன்னொன்றும் உண்டு. முதற்சாமத்து அரசன் வேறு, விடியற்சாமத்து அரசன் வேறு. ஒரு பாத்திரத்தை இரண்டு மூன்று பேர் பகிர்ந்து ஆடுவது எங்கள் வழக்கம். சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டிக்கு அப்படியொரு கூத்தைக் குறுக்கிக் கொண்டுபோனோம். மூன்று பிள்ளைகள் ஆடிய அந்த ஒரே அரசனுக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. மேடைக்கு அழைத்ததோ கடைசியாக ஆடியவனை மட்டும். மற்ற இருவரும் கீழே நின்று கைதட்டினார்கள். வான் வண்டியில் திரும்பி வரும் வழி முழுக்க அந்தப் பிள்ளை கேடயத்தை மடியில் கவிழ்த்தே வைத்திருந்தான். நடுவர்களிடம் கேட்டபோது விதியில் ஒரு பெயருக்குத்தான் இடம் உண்டு என்றார்கள்.

விதியை மாற்றலாம். டோனியே 2014இல் ஒலியமைப்புக்கான விருதை நிறுத்திவிட்டு, கலைஞர்களின் எதிர்ப்புக்குப் பிறகு சில ஆண்டுகளில் திரும்பக் கொண்டுவந்தது. அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் குழு நடிப்புக்கென்றே விருது கொடுக்கிறது. கூட்டாக நடிப்பதை எப்படி அளப்பது என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு கூத்தைப் பிற்பாட்டு இல்லாமல் பத்து நிமிடம் ஆடச்சொல்லிப் பார்க்கட்டும், அளவு தெரிந்துவிடும்.

எங்கள் இசை நாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்து, அரிச்சந்திரன் கதையான ‘மயான காண்டத்தை’ மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேற்றினார் என்று சொல்வார்கள். அவருடைய குரலை இன்றும் நினைத்துக் கண் கலங்குகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள், அந்தப் புகழ் அவருக்கு உரியதே. ஆனால் இசை நாடக மேடைகளில் ஓரமாக இருந்து ஆர்மோனியப் பெட்டியை இழுத்தவர்களிலும் மிருதங்கம் வாசித்தவர்களிலும் எத்தனை பேருடைய பெயர் எங்களுக்குத் தெரியும்?

ஆகவே இங்கே நாடகப் போட்டிகள் நடத்துகிறவர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். பகிர்ந்து ஆடிய பாத்திரத்துக்கான பரிசை ஆடிய எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். பிற்பாட்டுக்கும் பக்கவாத்தியத்துக்கும் தனியாக ஒரு பரிசு வைக்க வேண்டும். தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இனி ஒரு கூத்தைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் எழுதும்போது, அந்த ‘மற்றும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்பவர்களின் பெயர்களையும் கேட்டு வாங்கி, ஒன்றும் விடாமல் அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நாடக ஆசிரியை,
பாசையூர், யாழ்ப்பாணம்.