படத்தில் இருப்பது புள்ளி ஆந்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் மும்பைக்கு அருகிலுள்ள தான்சா சரணாலயத்துக் காட்டு ஆந்தை பற்றிய கட்டுரை படித்தேன். 1884-க்குப் பிறகு அழிந்தே போயிற்று என்று எல்லாரும் கைவிட்ட பறவை, 1997-ல் வடக்கு மகாராஷ்டிரத்தில் ஷஹாதா அருகே மறுபடி தென்பட்டதும், 2014-ல் நம் தான்சாவிலேயே கிடைத்ததும் நன்றாக வந்திருந்தன. ஆனால் மேலே போட்ட படம் புள்ளி ஆந்தையுடையது. அது எங்கள் முலுண்ட் குடியிருப்பு மாமரத்திலேயே இருக்கிறது. பொழுது சாய்ந்தால் கிறீச்சிட்டே தீர்க்கும்.

தலையைப் பார்த்தால் போதும். புள்ளி ஆந்தைக்கு உச்சந்தலை முழுக்க வெள்ளைப் பொட்டுகள். காட்டு ஆந்தைக்குப் பொட்டு அநேகமாகக் கிடையாது, சாம்பல் கலந்த பழுப்புதான். மார்பு அடர்பழுப்பு, வயிறு பளிச்சென்று வெள்ளை, வாலிலும் இறக்கையிலும் அகலமான வெள்ளைப் பட்டைகள். மொத்தமே ஒரு சாண், அதாவது 23 செ.மீ. தான். அந்த உடம்புக்குத் தலையும் காலும் சற்றுப் பெரிசு.

‘இரவில் மட்டுமே நடமாடும்’ என்றும் எழுதியிருந்தீர்கள். இல்லை. பகலிலேயே இலை உதிர்ந்த தேக்கின் உச்சியில் உட்கார்ந்து வாலை இடமும் வலமும் வெடுக்கென்று ஆட்டும். போன குளிர்காலத்தில் தான்சாவுக்குப் பக்கத்து ஆட்காவ் ஸ்டேஷனில் இறங்கிப் போய், நல்ல காலை வெயிலில் அப்படித்தான் பார்த்தேன். காலில் ஓர் அரணை தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம், கூடு. இது கூடு கட்டுகிற பறவையல்ல. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தோ, கிளை முறிந்து உளுத்த பொந்தோ கிடைத்தால்தான் முட்டை, பெரும்பாலும் இரண்டு. பெட்டை உள்ளே அடைகாக்க, ஆண் இரை தேடிக் கொண்டுவர வேண்டும். மரத்தடியில் கும்பல் நின்றால் அது எப்படிக் கிட்டே வரும்? நீங்களோ ஓடை, பாறை, ஒற்றையடிப் பாதை என்று பொந்து மரத்துக்கே வழி சொல்லிவிட்டீர்கள்! செல்போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிட்டுப் படமெடுக்கிற ஆட்கள் ஏற்கெனவே உண்டு. இனி தாலுகா பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பதில், உளுத்த மரம்தானே என்று விறகுக்குச் சாய்ப்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். தான்சா ஏரித் தண்ணீர் குடிக்கிற மும்பைக்காரர்கள் நிச்சயம் படிப்பார்கள்.

சரியான படம் என்னிடம் ஒன்று இருக்கிறது, சற்று மங்கல். திருத்தம் போடுவதானால் அனுப்பித் தருகிறேன்.

ரயில்வே ஓய்வூதியர் ஒருவர்,
முலுண்ட், மும்பை