மாண்டலே வெயிலும் டாக்ஸிசைக்ளினும்

ரங்கூன்

கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு புறங்கையும் சிவந்து தடித்திருக்கிறது. ஆனால் வாட்ச் கட்டிய இடம் மட்டும் உன் பழைய நிறத்திலேயே இருக்கிறது. சட்டைக்கை தொடங்கும் இடத்தில் கோடு கிழித்ததுபோல் சிவப்பு நின்றுவிட்டது. தனக்கா, அந்த மரப்பட்டைச் சாந்து, ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாளாம் உன் தோழி. தனக்காவை நீ முகத்தில்தானே பூசுகிறாய்? கை ஏன் சிவக்க வேண்டும்?

முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னாயே, அதுவாகத்தான் இருக்கும். மருந்துக்கடையிலேயே காலத்தை ஓட்டியவள் சொல்கிறேன். அந்த மருந்து ரத்தத்தோடு தோலுக்கும் போகிறது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர், அதிலும் யூவிஏ என்ற வகை, பட்டால் அது தோலைப் புண்ணாக்கிவிடும். அலர்ஜி மாதிரி ஒரு சிலருக்குத்தான் என்றில்லை, யாருக்கும் வரலாம். டோஸ் கூடினால் வாய்ப்பும் கூடும். ‘நம்ம நிறத்துக்கு வெயில் என்ன பண்ணும்’ என்பார் உன் அப்பா. அதைக் காதில் வாங்காதே.

ரங்கூனில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை, பஸ்ஸில் போய் வந்தாய். மாண்டலேயில் தினமும் மோட்டார் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி கையை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு போகிறாய். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடு. சன்ஸ்கிரீன் வாங்கினால் எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்க்காதே, அது பெரும்பாலும் யூவிபி என்ற இன்னொரு வகைக் கதிருக்கான கணக்கு. யூவிஏ என்றும் போட்டிருக்க வேண்டும். வகுப்பில் ஜன்னலோரம் உட்காராதே. கண்ணாடியைத் தாண்டியும் யூவிஏ வரும்.

ராத்திரி போட்டுக்கொண்டால் பகலில் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடுவாய், உன்னைத் தெரியாதா! ஏறக்குறைய 20 மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில்தான் இருக்கும். போதாததற்கு, விழுங்கியதும் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அரைமணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்.

நாளைக்கே டாக்டரிடம் காட்டு. மாற்றுவதா, நிறுத்துவதா என்பது அவர் பாடு. கடையில் நீயாக வேறு மாத்திரை கேட்டு வாங்காதே. சிப்ரோஃப்ளாக்சசின், கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்குகள் இரண்டும் வெயிலில் இதே வேலையைக் காட்டக்கூடியவை.

அப்புறம், ஏப்ரலில் திஞ்சான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, வருகிறது. அரண்மனை அகழிக்கரையில் நாள் முழுக்க நின்று தண்ணீர் ஊற்றி ஆடுவார்கள். முதல் வாளியிலேயே தனக்காவும் சன்ஸ்கிரீனும் வழிந்துவிடும். அதுவரை இந்த மாத்திரை ஓடினால், வெயில் தாழ்ந்த பிறகு போ. ஒரு வருஷம் ஆட்டம் குறைந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. இல்லையென்றால் சித்திரை பிறக்கும்போது இங்கே வந்துவிடு, மாங்காய்ப் பச்சடி செய்கிறேன்.

நகத்தில் வலி இருக்கிறதா? இந்த மருந்தும் வெயிலும் சேர்ந்தால் சிலருக்கு நகம் சதையை விட்டுக் கிளம்பும். பத்து விரலையும் வெளிச்சத்தில் வைத்து இன்னொரு போட்டோ அனுப்பு. நகப்பூச்சை அழித்துவிட்டு எடு.

அம்மா