உங்கள் வீட்டு ஓடுகள் எங்களிடம் இருக்கின்றன

விக்கிரமசிங்கபுரத்தில் (வி.கே.புரம்) எங்கள் தெருவில் இருக்கிறவர்களுக்கும், வேலைக்கென்று வெளியூர் போய்விட்டவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் ஓட்டுக் கூரையைப் பிரித்தோம், தட்டட்டி (கான்கிரீட் தளம்) போட. கொத்தனார் ஒவ்வொன்றாக இறக்கித் தர, நான் கீழே நின்று வாங்கி அடுக்கினேன். திண்ணையை அடுத்த தார்சாவுக்கு மேலிருந்து வந்தவை மட்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒன்றின் அடியில் யானை முத்திரை, இன்னொன்றில் நட்சத்திரம். சிலது பாசி பிடித்துக் கறுத்திருந்தது, நாலைந்து நல்ல சிவப்பு. "என்ன சார், ஊர் ஊராப் பொறுக்கி வேஞ்சிருக்கு?" என்றார் கொத்தனார். எங்கள் ஓடுகள் என்றால்தானே ஒன்றுபோல இருக்கும்!

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில்தானே போகிறது, மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கென்ன என்று அசட்டையாக இருந்தேன். கீழ்க்காற்று மலையில் போய் முட்டி, கொண்டுவந்ததையெல்லாம் நம் தலையில் கொட்டியது. மறுநாள் காலைக் கணக்கில் பாபநாசத்தில் 45 செ.மீ., மணிமுத்தாறில் 38. பக்கத்து மனை வேம்பு தார்சா மேல் சாய்ந்தது. அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே புகுந்து மிச்ச ஓடுகளையும் கிளப்பிவிட்டது. உள்கூடமான பட்டாசலில் முழங்கால் தண்ணீர். அம்மா கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்றாள்.

எதிர்வீட்டு அண்ணாச்சி உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வந்து, "கட்டிலோட தூக்கவா, தோள்ல வாரியளா ஆச்சி?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டாள். தோளில்தான் போனாள்.

மழை வெறித்த பிறகு ஓடு வாங்க அலைந்தால் எந்தக் கடையிலும் இல்லை. வீட்டுக்கு வீடு புறவாசலில் கிடந்ததைக் கூடையில் சுமந்து வந்தீர்கள். மூன்று, ஐந்து, ஒன்பது. பத்து வயசுப் பிள்ளை ஒருத்தி ஒற்றை ஓட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கிருந்து எடுத்தாய் என்றதற்கு, "கோழிக்கூட்டு மேல இருந்துச்சு. எங்க அம்மை கோழிக்குப் பனையோலை போட்டுட்டா" என்றாள்.

திருக்கார்த்திகைக்கும் கரண்ட் வரவில்லை. ஈரக் கம்பத்தில் ஏறி இறங்கிய லைன்மேன் அண்ணனுக்குக் காப்பிகூடக் கொடுக்க வழியில்லாத நிலை எங்களுக்கு. மூன்றாம் வீட்டு மைனி கொடுத்த ஓலைக் கொழுக்கட்டையில் பாதியை அவர் கையில் வைத்தேன். மரத்தை அறுத்துப் போட்ட பையன்கள் கூலி பேச்சையே எடுக்கவில்லை. சேதம் கணக்கெடுக்க வந்தவர் மட்டும் வாசலில் நின்றபடியே எழுதிக்கொண்டு போனார். இந்த மடல் அவருக்கு இல்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டிய நன்றி. ஓடு மாற்றி முடித்ததும் ஆளாளுக்கு அவரவர் வேலை வந்துவிட்டது, நானும் விட்டுவிட்டேன். அண்ணாச்சி இப்போது இல்லை.

மொத்தம் அறுபத்தொரு ஓடு. புறவாசல் மதிலோரம் அடுக்கியிருக்கிறேன். தொழுவத்துக்கோ கூட்டுக்கோ வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், யாருடையது எது என்ற கணக்கு வேண்டாம். முனை உடைந்த கோழிக்கூட்டு ஓட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கிறாளாம். லீவுக்கு வந்தால் வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.