ஒழுகும் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி முறைப்படி ஒட்டித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
கார் உரிமையாளர்,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: நவம்பர் 2024

பொருள்: திருச்சி சர்வீஸ் சென்டரில் மாற்றிய முன்பக்கக் கண்ணாடியில் மழைநீர் ஒழுகுவதும், கண்ணாடி சரியாக ஒட்டாமல் இருப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு அருகே, முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து தெறித்த கல் என் காரின் முன்பக்கக் கண்ணாடியில் பட்டது. வீடு வந்து சேர்வதற்குள் விரிசல் பாதி அகலத்துக்கு ஓடிவிட்டது. ஆகஸ்ட் மாதம் காப்பீட்டில் க்ளெயிம் போட்டு, உங்கள் திருச்சி சர்வீஸ் சென்டரில் கண்ணாடியை மாற்றினேன். வெளியே பாதி விலைக்கு மாற்றித் தரக் கடைகள் இருந்தும் உங்களிடம் விட்டதற்குக் காரணம், வேலை முறையாக நடக்கும் என்ற நம்பிக்கைதான்.

தீபாவளியை ஒட்டிப் பெய்த மழையில், இரவெல்லாம் தெருவில் நின்ற காரைக் காலையில் திறந்தால் இடது முன் இருக்கையின் கீழே கார்பெட் ஊறிப்போய்க் கிடந்தது. உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் போனில் சொன்னேன். ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்திருக்கும் என்றார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஏசி எப்படி ஓடியிருக்கும்? வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்டியதும், கண்ணாடி ஓரத்தில் வெளியிலிருந்து சிலிகான் அடித்துவிட்டால் சரியாகிவிடும், அரை மணி நேர வேலை என்றார். நான் மறுத்துவிட்டேன். ஏன் மறுத்தேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதை உங்கள் கிளையில் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

எங்கள் பகுதியில் நீண்ட காலமாக டிங்கர் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். கண்ணாடியைத் தொடாமல், உள்பக்கத் தூண் கவரையும் வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் பட்டையையும் மட்டும் கழற்றினார். என்னை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, வெளியே கீழிருந்து மேலாக மெல்லிய ஓட்டத்தில் தண்ணீர் விட்டார். இடது கீழ் மூலையில் தண்ணீர் நேராக உள்ளே வழிவதை என் கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தில், கண்ணாடியைத் தகட்டோடு ஒட்டும் பழைய பி.யூ. (பாலியூரித்தேன்) பேஸ்ட் சீவப்படாமல் மேடும் பள்ளமுமாக அப்படியே இருக்கிறது. புதிய பேஸ்ட் அதன் மேல் ஓர் இடத்தில் தடித்தும் அடுத்த இடத்தில் இல்லாமலும் ஓடுகிறது. பழைய கண்ணாடியை அறுத்து எடுத்தபோது கத்தி கீறிய தகட்டில், துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர் படவே இல்லை. கீறல் முழுக்கத் துரு பிடித்திருக்கிறது. பிளாஸ்டிக் பட்டையின் கிளிப்புகளில் சில உடைந்தும் சில காணாமலும் இருக்கின்றன. படங்களை இணைத்திருக்கிறேன்.

பழைய பேஸ்ட்டை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குச் சமமாகச் சீவி, அதன் மேல் புதியதை இடைவெளி விடாமல் ஒரே ஓட்டமாக இட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை. வெறும் தகடு தெரிகிற இடத்தில் பிரைமர் பூசாமல் விட்டால் துரு பேஸ்ட்டுக்கு அடியில் புகுந்து, ஒட்டின பிடியையே பெயர்த்துவிடும். இவற்றை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் மெக்கானிக்குக்கும் தெரிந்திருக்கும். அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை என்றே நினைக்கிறேன். கண்ணாடி மாட்டி ஒரு மணி நேரம்கூட ஆவதற்குள் சாவியைக் கையில் கொடுத்து, தாராளமாக ஓட்டிப் போகலாம் என்றார்கள். பி.யூ. பேஸ்ட் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். முதலில் மேல்தோல் காயும், உள்ளே இறுக நேரமாகும். எவ்வளவு நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்பதைப் பேஸ்ட் தயாரிப்பாளரே வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் ஏற்றபடி தருகிறார். என் வண்டியில் எந்த பேஸ்ட் போட்டீர்கள், அதன் காலாவதி நாள் என்ன, எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது என்று கேட்டால் கிளையில் பதில் இல்லை. செய்த வேலையைப் பதியும் ஜாப் கார்டில் "கண்ணாடி மாற்றப்பட்டது" என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது.

சிலிகானுக்கு வருகிறேன். வெளியே சிலிகான் அடித்தால் சில மாதங்களுக்கு ஒழுகல் நிற்கலாம். உள்ளே துரு தொடர்ந்து வளரும். பிறகு ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி ஒட்டப் போனால், சிலிகான் பட்ட இடத்தில் பி.யூ. பேஸ்ட் பிடிக்காது. அதாவது, இன்று நீங்கள் செய்யச் சொல்லும் வேலை நாளைக்குச் செய்ய வேண்டிய சரியான வேலையையும் கெடுத்துவிடும்.

என் அம்மா மூட்டு வலிக்காரர். பின் இருக்கையில் காலை மடக்கி உட்கார முடியாது என்பதால் எப்போதும் இடது முன் இருக்கையில்தான் வருவார். 2021-க்குப் பிறகு வந்த புதிய மாடல் கார்களில் அந்த இருக்கைக்கும் காற்றுப்பை கட்டாயம். பல கார்களில் அந்தப் பை டேஷ்போர்டிலிருந்து மேல்நோக்கி வெடித்து, முன்பக்கக் கண்ணாடியில் சாய்ந்துதான் உட்கார்ந்திருப்பவர் பக்கம் விரியும். கண்ணாடி பெயர்ந்துகொண்டால் காற்றுப்பைக்கு முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லை. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும் இந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. தண்ணீர் ஒழுகும் மூலை அம்மாவுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஈர கார்பெட்டை வெயிலில் உலர்த்திவிடலாம். அந்த மூலை விபத்தில் பிடித்து நிற்குமா என்பதற்கு உங்களில் ஒருவரும் எழுத்தில் உறுதி தர முன்வரவில்லை. அதனால் இப்போது அம்மாவை அந்தக் காரில் ஏற்றுவதே இல்லை. ஆஸ்பத்திரிக்குக்கூட ஆட்டோதான்.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. கார் கம்பெனியின் அசல் கண்ணாடி என்று இன்வாய்ஸில் விலை போட்டிருக்கிறீர்கள். உடையாமல் தப்பிய காரின் மற்றக் கண்ணாடிகள் எல்லாவற்றின் மூலையிலும் கார் கம்பெனியின் சின்னம் பொறித்திருக்கிறது. இதில் மட்டும் இல்லை. வேறு தயாரிப்பாளரின் கண்ணாடியிலும் தரமானவை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100-ஆவது விதிப்படி அது இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடியாக, இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டதாக இருந்தால் போதும். ஆனால் எதைப் போட்டீர்களோ அதற்குரிய விலையைத்தான் வாங்க வேண்டும். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்கப்படாது என்பதால் காப்பீட்டு நிறுவனம் முழு விலையையும் கொடுத்திருக்கிறது. க்ளெயிமில் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவான 1,000 ரூபாயை நான் கட்டினேன். இந்த க்ளெயிமால் அடுத்த ஆண்டுக்கான நோ க்ளெயிம் போனஸும் (க்ளெயிம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகிறது.

பழைய கண்ணாடியில் இருந்த ஃபாஸ்டாகையும் உரித்துப் புதியதில் ஒட்டிவிட்டார்கள். உரித்தால் செயலிழக்கும்படிதான் அது தயாரிக்கப்படுகிறது. சமயபுரம் சுங்கச்சாவடியில் இரட்டிப்புக் கட்டணம் கட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. சிறிய தொகைதான், அதைக் கேட்கவில்லை. மற்ற வாடிக்கையாளர்களிடமாவது முன்கூட்டியே சொல்லுங்கள்.

நான் கேட்பது இது. கண்ணாடியை முழுதாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, பிரைமர் பூசி, புதிய பேஸ்ட்டில் ஒட்ட வேண்டும். கழற்றும்போது கண்ணாடி உடைந்தாலோ கீறல் விழுந்தாலோ புதியது உங்கள் செலவில் வர வேண்டும். வேலை நடக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதிக்க வேண்டும். பேஸ்ட்டின் பெயர், பேட்ச் எண், காலாவதி நாள், வண்டியை எடுக்கலாம் என்று குறித்த நேரம் ஆகியவை ஜாப் கார்டில் எழுதப்பட வேண்டும். எடுக்கும் முன் என் எதிரிலேயே தண்ணீர் விட்டுச் சோதிக்க வேண்டும். கார்பெட்டுக்கு அடியில் ஊறிய ஃபோமை மாற்றி, டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஒயர் இணைப்புகளில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத் தர வேண்டும். கண்ணாடி அசல்தானா என்பதற்கு, அதை நீங்கள் வாங்கிய பில்லின் நகலை அனுப்புங்கள். இல்லையென்றால் வித்தியாசத் தொகையைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுத்து எனக்குத் தெரிவியுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாட்டுக்காகத் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியவில்லை. வண்டி தார்ப்பாய் மூடி வீட்டு வாசலில் நிற்கிறது. நீங்கள் நாள் குறித்தால் அன்றே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கார் உரிமையாளர்

இணைப்பு: இன்வாய்ஸ், ஜாப் கார்டு, காப்பீட்டு க்ளெயிம் தாள் ஆகியவற்றின் நகல்கள், படங்கள், தண்ணீர்ச் சோதனையின் வீடியோ.
நகல்: காப்பீட்டு நிறுவனத்தின் திருச்சி கிளை மேலாளர்.