அத்தையின் முழங்காலும் என் இஞ்ச் டேப்பும்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் தண்ணீர் லாரி வருகிறது, இல்லையென்றால் அத்தைக்கு மாத்திரை நேரம் வருகிறது. பெரியவனுக்குப் பெண் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். நகை வாங்கியாச்சு, மண்டபம் பிடிச்சாச்சு, இனி கார்தான் பாக்கி என்று எழுதியிருந்தாய். நாலு மாசம் அலைந்தவள் என்பதால் என்னைக் கேட்கிறாய். கேட்டதற்கு அனுபவி, கதை நீளம்.

எங்கள் பழைய சான்ட்ரோ ஞாபகம் இருக்கிறதா? இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி என்று மாமா ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருப்பார். 1998-ல் அது வந்த புதிதில் அந்தத் தொப்பி போட்ட உருவத்தைப் பார்த்து நாம் சிரித்தோம். அதை விற்ற பிறகுதான் அருமை தெரிந்தது. நடுவில் ஒரு மாசம் வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். தாழ்வான வண்டி. அத்தை உட்காரும்போது கிணற்றில் இறங்குவது போல இறங்குவார். எழுந்திருக்க நானும் டிரைவரும் ஆளுக்கொரு கை பிடித்து இழுக்க வேண்டும்.

நின்றால் நம் இடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, சீட் அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் போதும். திரும்பி, உட்கார்ந்து, காலை உள்ளே வாங்கிக்கொள்ளலாம். ரொம்பத் தாழ்ந்தால் முழங்கால்தான் உடம்பைத் தாங்க வேண்டும். விற்பவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். தொடுதிரை எத்தனை இஞ்ச், மேலே கூரை திறக்குமா, இதுதான் அவர்கள் பேச்சு. உட்கார்ந்து பார்க்கிறேன் என்றால், "உக்காருங்க மேடம்" என்று முன்சீட்டைச் சத்தமில்லாமல் முன்னால் தள்ளிவிட்டுப் பின்கதவைத் திறப்பார்கள். பின்னால் மைதானம் மாதிரி தெரியும். இரண்டாவது ஷோரூமில்தான் எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து இவரை முதலில் ஸ்டியரிங் பிடிக்க உட்காரவைத்து, ஆறடி ஆளுக்கு வசதியாகச் சீட்டைப் பின்னால் தள்ளச் சொல்லி, அவர் முதுகுக்குப் பின்னால் நான் போய் உட்காருவேன். கைப்பையில் தையல் டேப். பொண்ணு மானம் போகிறது என்று வெளியே நின்றுகொள்வாள்.

நீளத்தை நம்பாதே. ஸ்விஃப்ட் 3,860 மி.மீ., வேகன்ஆர் 3,655 தான். எட்டு இஞ்ச் குட்டை. ஆனால் டிக்கி ஸ்விஃப்டில் 265 லிட்டர், வேகன்ஆரில் 341. இது எப்படி என்று முதலில் எனக்குப் புரியவில்லை. விஷயம் உயரத்தில் இருக்கிறது: ஸ்விஃப்ட் 1,520, வேகன்ஆர் 1,675. உயரம் இருந்தால் ஆளை நாற்காலியில் உட்காரவைப்பது போல நிமிர்த்தி உட்காரவைக்கலாம். கால் முன்னால் நீளாது, அதனால் இடம் மிச்சம். தாழ்ந்த வண்டியில் ஆளைச் சாய்த்துக் காலை நீட்டவைக்க வேண்டும், அதற்கு நீளம் தின்னும். 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்ன வண்டிக்கு வரியைக் குறைத்தார்களே, அதற்கப்புறம் எல்லாக் கம்பெனியும் 3,990, 3,995 என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த நாலு மீட்டரை எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதில்தான் சாமர்த்தியம்.

அதில் என் மனசுக்குப் பிடித்தது ஹோண்டாவின் ஜாஸ். எதிர்வீட்டுக்காரரிடம் இன்னும் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் டேங்கை முன்சீட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டதால், பின்சீட்டின் அடிப்பாகத்தைத் தியேட்டர் சீட் மாதிரி மேலே மடக்கிவிடலாம். லால்பாக் நர்சரியிலிருந்து நெஞ்சளவு மாங்கன்றை நிற்கவைத்தே கொண்டுவந்தார்! 2023-ல் இங்கே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். நல்லது எதுவும் நம் முறை வரும்வரை நிற்பதில்லை.

மெத்தை விஷயத்தில் நானும் ஏமாந்திருப்பேன். உட்கார்ந்ததும் புதைகிற சீட் ஐந்து நிமிஷத்துக்குச் சுகம். ஓசூர் தாண்டுவதற்குள் இடுப்பு பேச ஆரம்பிக்கும். தொடைக்கு அடியில் தாங்கல் இருக்கிறதா என்று பார். சீட் தரைக்கு ரொம்பக் கிட்டே இருந்தால் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு, பாரமெல்லாம் வால் எலும்பில் இறங்கும். நான் ஐந்தடிக்குள் இருப்பவள், எனக்கு எதிர்ப் பிரச்சினை. சீட்டை உயர்த்தும் நெம்புகோல் இல்லாத மாடல் என்றால் நேரே வெளியே வந்துவிடுவேன். சில்க் போர்டு நெரிசலில் கழுத்தை எக்கிக்கொண்டு யார் ஓட்டுவது?

கடைசியில் வேகன்ஆரே வாங்கினோம். அத்தை தானாக ஏறுகிறார், தானாக இறங்குகிறார். பொண்ணுக்கு இன்னும் கோபம், பிஸ்கெட் டப்பாவாம்.

ஆனால் அதைப் பார்த்து நீ வாங்காதே. உன் வீட்டில் யாருக்கும் முழங்கால் வலி இல்லை, பிள்ளைகள் இரண்டு பேரும் தோள் அகன்ற ஆட்கள், இப்போது மருமகளும் வருகிறாள். பின்னால் மூன்று பேர் உட்கார வேண்டும் என்றால் அகலம்தான் பேசும். வேகன்ஆர் 1,620, பலேனோ 1,745, ஐ20 இன்னும் கொஞ்சம் கூட, 1,775. ஐந்தாறு இஞ்ச் என்றால் நடுவில் இருப்பவர் கையை எங்கே வைப்பது என்று தவிக்க வேண்டாம். நடுவில் தரையில் மேடு இருக்கிறதா என்றும் பார்; மருமகளை அதன்மேல் கால் வைத்து உட்காரவிட்டால் கல்யாணமான முதல் வாரமே கசப்பு. ஷோரூமுக்குப் போகும்போது சுடிதாரில் போகாதே, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போ. கொசுவம் கதவோரம் மாட்டுகிறதா என்று அப்போதுதான் தெரியும். 2025 செப்டம்பரில் சின்ன வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆனபோது விலை கொஞ்சம் இறங்கியது, அவசரப்பட வேண்டாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலை கிளம்புவோம். சேலத்தில் சாப்பாடு, மதியத்துக்குள் கரூர். நான் ஓட்டுகிறேன், பக்கத்தில் இவர், பின்னால் அத்தையும் பொண்ணும். சித்தியும் வருகிறேன் என்றாள், அகலக் கணக்கைச் சொல்லி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். திரும்பும்போது டிக்கி காலியாக வரக் கூடாது. ஆறு போர்வை, இரண்டு படுக்கை விரிப்பு சொல்லி வை. உங்க ஊர்ப் பொரி கரம் மட்டும் நானே கடையில் நின்று தின்ன வேண்டும், பார்சல் வேண்டாம்.

உன்
கோமதி