செண்பகம் பூத்துவிட்டது

தென்காசி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்த அன்றுதான் எங்கள் வீட்டுச் செண்பகம் முதல் பூ விட்டது. அம்மா ஊன்றிய விதை, எட்டு வருஷம் ஆகிறது. அம்மா போய் மூன்று வருஷம். வாசல் தெளிக்கப் போனவள் வாசனை வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். உச்சிக்கிளையில் இலைகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று, மஞ்சளாக. பறிக்க மனசு வரவில்லை.

உன் மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய மக்னோலியா படத்தைப் பார்த்து, அந்த மரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். படம் அழகுதான். இலையே இல்லாமல் கிளை முழுக்க ரோஸ் நிறப் பூ! ஆனால் அந்த மரத்துக்குக் குளிர்காலம் வேண்டும். இலை உதிர்த்து, குளிரில் கிடந்து, வெயில் வரும்போது பூக்கிற மரம் அது. கோவை வெயிலில் வைத்து அதை வாட்டாதே. நம் செண்பகமும் மக்னோலியாதான், தெரியுமா? முன்பு மிச்சேலியா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். இப்போது மக்னோலியா சம்பகா என்றே எழுதுகிறார்கள். ஆக, நீ கேட்ட மரம் நம் ஊரிலேயே இருக்கிறது.

வெள்ளைச் செண்பகத்துக்கு விதை அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அது கலப்பினம், விதை பிடிப்பது அபூர்வம். ஒட்டுச்செடிதான் வாங்க வேண்டும். இரண்டு மூன்று வருஷத்தில் பூத்துவிடும். ஒட்டுக்குக் கீழே தளிர் வந்தால் உடனே கிள்ளிவிடு, இல்லாவிட்டால் அடிச்செடி மேலே வந்து ஒட்டை அமுக்கிவிடும்.

மஞ்சள் செண்பகத்தை விதையிலிருந்தே வளர்க்கலாம். அம்மா செய்தது இதுதான்: காய் வெடித்ததும் சிவப்புச் சதையை மணலில் தேய்த்துக் கழுவி, அன்றைக்கே ஊன்றிவிட்டாள். காயவிட்டால் முளைப்புத் திறன் போய்விடும். முளைக்க ஒரு மாதத்துக்கு மேலேயே ஆயிற்று. நான் செத்துப்போன விதை என்று நினைத்தேன், அம்மா தினமும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள்.

உன் வீட்டு மண் கரிசல் என்றாயே, அதுதான் எனக்குக் கவலை. செண்பகத்துக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் வேரடியில் தேங்கவே கூடாது. நான் முதலில் வைத்த கன்று அப்படித்தான் போயிற்று. பள்ளத்தில் நட்டேன், ஒரு ஐப்பசி மழையில் வேர் அழுகிவிட்டது. அதனால் மேடு கட்டி நடு. செம்மண்ணும் மணலும் மக்கின தொழுவுரமும் கலந்து போடு. அடியில் சருகை மூடாக்காகப் பரப்பு, தண்டில் மட்டும் ஒட்டாமல். அப்புறம், இடத்தை இப்போதே யோசித்து முடிவு செய். வேர் சதைப்பற்றானது, பெயர்த்து நட்டால் பிழைப்பது கஷ்டம். மரமும் பெரிதாக வளரும், சுவரை விட்டுத் தள்ளியே வை.

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்கு வருகிறேன் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறாய்! இந்த ஆடியில் வந்துவிடு. உனக்கு ஒரு கன்று வாங்கி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம், வேரைச் சுற்றியிருக்கும் தாய்மண் மட்டும் உடையக் கூடாது. கிளம்பும் தேதியை எழுது.

அன்புடன்,
வள்ளி