டீகாஃப் பொட்டலத்தில் முழு விவரம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டீகாஃப், அதாவது காஃபின் நீக்கிய காப்பி என்றாலே ரசாயனத்தில் ஊறியது என்று ஒதுக்குபவர்கள் நம்மிடையே பலர். இந்தப் பயத்துக்கு வேர் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரேமன் நகரில் லுட்விக் ரோசெலியுஸ் இதை முதலில் வணிகமாக்கியபோது பயன்படுத்தியது பென்சீன் என்ற நச்சுக் கரைப்பான். அந்த முறை கைவிடப்பட்டுப் பல காலம் ஆகிறது.

கருக வறுத்தால் காஃபின் போய்விடும் என்பதும் தவறு. காஃபினை எடுப்பது வறுப்பதற்கு முன், பச்சைக் கொட்டையில். கனடாவில் பெரிய அளவில் நடக்கும் நீர்முறையைப் பாருங்கள். ஒரு தொகுதிக் கொட்டையைச் சுடுநீரில் ஊறவைக்கிறார்கள். காஃபினோடு சுவைப்பொருள்களும் நீரில் இறங்கிவிடுகின்றன. அந்தக் கொட்டைகளைக் கழித்துவிட்டு, நீரை மட்டும் கரி வடிகட்டியில் செலுத்துகிறார்கள். காஃபின் கரியில் தங்க, சுவை நீரிலேயே நிற்கும். அடுத்த தொகுதி ஊறுவது இந்த நீரில்தான். நீரில் சுவைப்பொருள் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், புதுக் கொட்டையிலிருந்து காஃபின் மட்டுமே வெளியேறும். எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

‘கரும்பு டீகாஃப்’ கொலம்பியாவில் இருந்து வருகிறது. கரும்புச் சாற்றில் ஊறியது என்று நினைத்துவிடக் கூடாது. கரும்புச் சர்க்கரைப் பாகைப் புளிக்கவைத்துப் பெறும் எத்தில் அசிட்டேட்தான் அங்கே கரைப்பான். கொட்டையை நீராவியில் உப்பவைத்து, கரைப்பானை மாற்றி மாற்றி ஊற்றி ஊறவைத்து, கடைசியில் மறுபடி நீராவி காட்டுவார்கள். எத்தில் அசிட்டேட்டின் கொதிநிலை 77 டிகிரி. வறுப்பதோ 200 டிகிரிக்கு மேல் என்பதால் எஞ்சியதும் பெரும்பாலும் ஆவியாகிவிடும். டைக்ளோரோமீத்தேன் என்ற வேறொரு கரைப்பானைப் பயன்படுத்தும் முறையும் இதே போன்றதுதான். அது 40 டிகிரியிலேயே ஆவியாகும். வறுத்த காப்பியில் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் மிஞ்சக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. ஈரமாக்கிய கொட்டையின் வழியே உயர் அழுத்தத்தில் கரியமில வாயுவைச் செலுத்தும் முறையும் உண்டு.

பொட்டலத்தில் ‘97 விழுக்காடு நீக்கியது’ என்று மட்டும் போட்டால் போதாது. காப்பிக் கொட்டையின் இரு முக்கிய வகைகளில், அராபிக்காவில் சுமார் 1.2 விழுக்காடு காஃபின்; ரொபஸ்தாவில் சுமார் 2.2. அதே 97 விழுக்காட்டை எடுத்த பிறகு, 15 கிராம் தூளில் அராபிக்காவில் 5 மில்லிகிராம் மிஞ்சினால், ரொபஸ்தாவில் 10 மிஞ்சும். மருத்துவர் சொல்லிக் காஃபினைக் குறைப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டாமா?

டீகாஃப் சுவையாக இல்லை என்ற பழிக்குப் பெரும்பாலும் காரணம் வறுப்புதான். டீகாஃப் பச்சைக் கொட்டை முன்பே பழுப்பாக இருக்கும். நிறத்தைப் பார்த்து இறக்கினால் உள்ளே வேகாமல், பச்சைத் தானிய வாடை அடிக்கும். வறுக்கும்போது கொட்டை படபடவென வெடிக்கும் ‘முதல் வெடிப்பு’ம் மெல்லிய சத்தத்தோடு வரும், சுலபமாகத் தவறவிடலாம். ஊறி உலர்ந்த கொட்டை சூட்டை விரைவாக வாங்குவதால், வறுக்கும் கலத்தின் சூட்டை வழக்கத்தைவிட 10, 15 டிகிரி குறைத்துக் கொட்டையைப் போட்டு, கொட்டையின் வெப்பநிலையைப் பார்த்தே இறக்க வேண்டும். எண்ணெயும் சீக்கிரம் மேலே கசியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்த டின்னில் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். 200 கிராமுக்கு மேல் வாங்காமல் இருப்பது நல்லது.

வீட்டு பில்டரில் டிக்காஷன் இறங்காமல் நின்றால் தூளைப் பாருங்கள். டீகாஃப் கொட்டை எளிதில் நொறுங்கும். அரைக்கும்போது மாவு அதிகம் விழுந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். வழக்கத்தைவிடச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்து, குடையை அழுத்தாமல் தூளின் மேல் வைத்து, கொதித்த நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். சிக்கரி கலப்பதானால் குறைவாகவே போதும். அதில் காஃபின் இல்லை என்றாலும், நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சொந்தமாக வறுத்து விற்கும் கடைக்காரர்கள், அடுத்த முறை பொட்டலம் அச்சிடும்போது கொட்டையின் வகை, காஃபின் நீக்கிய முறை, மிஞ்சிய அளவு, வறுத்த தேதி நான்கையும் தமிழிலும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

காப்பி வறுப்பாளர்,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு